தட்டில் ஒட்டாது, பல்லில் ஒட்டாது

ஜெபல் அலியில் துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டிக்கொண்டிருந்த காலம். கண்ணுக்கெட்டிய மட்டும் மணலும் கிரேனும்தான். அந்த மணலுக்கு நடுவே ஒரு கேம்ப், கேம்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். ஒரே கூரைக்குக் கீழே நாலு அடுப்படி. நம் ஆட்களுக்கும் மலையாளிகளுக்கும் ஒன்று, பட்டாணியர்களுக்கும் பஞ்சாபிகளுக்கும் ஒன்று, வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்கு ஒன்று, தைவானிலிருந்து வந்து கடலுக்குள் தூண் ஊன்றிக்கொண்டிருந்த பதினாலு சீனர்களுக்கு ஒன்று. அடுப்படி நாலானாலும் சட்டிகளெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். மெஸ்ஸின் பின்பக்கம், தண்ணீர் டாங்குக்குக் கீழே, கையில் சட்டி தேய்க்கிற இரும்புச் சுருளோடு உட்கார்ந்திருக்கும் மாயாண்டியிடம்.

சிலர் கைரேகை பார்ப்பார்கள், மாயாண்டி சட்டி பார்ப்பார். அடியில் பிடித்திருக்கிற கருகலை வைத்தே, இன்றைக்குப் பருப்பு வேகுமுன் எவன் பீடி குடிக்கப் போனான், எவன் எண்ணெயைக் கஞ்சத்தனமாக ஊற்றினான் என்று சொல்லிவிடுவார். "பஞ்சாபிச் சமையல்காரருக்கு ஊர்லேருந்து லெட்டர் வந்திருக்கு பாய், நல்ல சேதி இல்ல" என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் சொன்னார். விசாரித்தால் அப்படியேதான் இருந்தது. மனுஷன் இரண்டு வேளையாக ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. மணிக்கணக்காகச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாக வரும்.

மாயாண்டிக்குச் சங்கரன்கோவில் பக்கம். வயது நாற்பத்திரண்டு. பாஸ்போர்ட்டில் கொத்தனார் கையாள் என்று எழுதி, எழுபத்தாறாம் வருஷம் வந்து இறங்கினார். சைட்டில் ஆறு மாதம் கலவை சுமந்தபின், சட்டி கழுவுகிறவன் ஓடிப்போனதால் இங்கே மாற்றினார்கள். மெஸ்ஸைக் கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் பாய் கடையநல்லூர்க்காரர். ஊர்ப் பேச்சுக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே மாயாண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேம்பில் பேச்சு. அதில் பொய்யும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் சீனர் அடுப்படியிலிருந்து ஓர் இரும்புச் சட்டி வந்தது. அவர்கள் எல்லாவற்றுக்கும் புழங்குகிற, அடி வளைந்த பெரிய சட்டி. மாயாண்டி இரும்புச் சுருளை எடுத்தார், உள்ளே பார்த்தார், கை நின்றது. சட்டியில் ஒன்றுமே இல்லை. லேசாக நெய் வாசம் மட்டும் வந்தது. விரலால் வழித்துப் பார்த்தார், விரலில் நெய்ப்பசைதான். கூடவே வந்த தட்டும் அப்படித்தான், கரண்டியும் அப்படித்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே இரண்டிலும் இல்லை.

"பாய், இதுல இன்னைக்கு ஒண்ணும் வைக்கலியா?"

கலீலுர் ரஹ்மான் சிரித்தார். "வைக்காமயா? அவுக ஆளு ஒருத்தருக்குப் பொறந்தநாளாம். அவுக சமையல்காரரு வூ என்னமோ முட்டையில இனிப்புக் கிண்டுனாரு. பதினாலு பேரும் தின்னாச்சு."

"முட்டையில இனிப்பா? சீனி போட்டுக் கிண்டுன சட்டியா இது?"

"ஏன்வே, அழுக்கு இல்லைன்னு அழுவீரு போலிருக்கே!"

பாய்க்கு அது விளையாட்டு. மாயாண்டிக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இனிப்பு கிண்டிய சட்டி எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர் கொஞ்சப் பேர்தான்.

இருபது வயதிலிருந்து முப்பத்தொன்பது வயதுவரை, பத்தொன்பது வருஷம், தென்காசியில் ஒரு மிட்டாய்க்கடையில் அவர் அல்வா கிண்டியவர். கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் எடுத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடுப்பில் ஏற்றித் துடுப்பைப் பிடித்தால் மூன்று மணி நேரம் கை ஓயக்கூடாது. மாயாண்டியின் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை பெருத்திருப்பது அதனால்தான். ஆனால் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கிண்டுகிறவன் கிண்டலாம், இறக்கக்கூடாது. பதம் வருகிற நேரத்துக்கு முதலாளி வருவார். ஒரு துளியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். "ம், இறக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் சட்டி இறங்கும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். கடை முன்னால் கூட்டம் நெரிகிறது, முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்க வழியில்லை. மாயாண்டியின் கைக்குப் பதம் வந்துவிட்டது. துடுப்பு சொன்னது, தோள் சொன்னது. "முதலாளி, இறக்கிரலாமா?" என்று குரல் கொடுத்தார். வந்ததே கோபம் அந்த மனிதருக்கு. கூட்டத்துக்கு நடுவில் நின்று, "கிண்டுத பய கிண்டுல! எப்ப இறக்கணும்னு எனக்குத் தெரியும்!" என்றார். கால் மணி நேரம் கழித்து அவர் வந்து பார்த்தபோது அல்வா இறுகிக் கல்லாகியிருந்தது. பழி யார்மேல் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இவன் கை சரியில்லை" என்று சொன்னார்கள். மாயாண்டி அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அங்கேயே கிண்டினார். வாயைத் திறக்கவில்லை. கையே ஒருவேளை பொய் சொல்லியிருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் நெஞ்சுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கடல் தாண்டி வந்த பிறகும் அது கூடவேதான் வந்தது.

இப்போது இந்தச் சட்டி. இனிப்புக் கிண்டியும் எச்சமே இல்லாத சட்டி.

அடுத்த பிறந்தநாள் எப்போது என்று பாயிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டார். அது மூன்று வாரம் கழித்து, அதுவும் ஒரு வியாழக்கிழமை. அன்று தன் சட்டிகளை அவசர அவசரமாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சீனர் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

வூ என்பவர் ஒல்லியான மனிதர். மாயாண்டியின் வயதுதான் இருக்கும். சிறுவயதில் பீக்கிங் பக்கத்திலிருந்து தைவானுக்குப் போனவர். கேம்பில் பொறுக்கிய இந்தியும் இரண்டு மூன்று அரபுச் சொல்லும்தான் அவருடைய பேச்சு. "அச்சா" என்றால் சரி, "மாஃபி" என்றால் இல்லை, "கலாஸ்" என்றால் முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கையைக் காலை ஆட்டுவார். வாசலில் நின்றவரைப் பார்த்து, போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. தன் வேலையைப் பார்த்தார்.

முதலில் அவர் ஒரு வாளியைச் சாய்த்தார். பாசிப்பயறை ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, தெளியவிட்டிருந்தார். மேல் தண்ணீர் வடிந்ததும் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு. மாயாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கோதுமைக்குப் பதில் பயறு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வேலையைத் தென்காசியில்தான் செய்வார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கோ பிறந்த ஒருவர், இவரைப் போலவே வாளியைச் சாய்த்து, இவரைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாவு கலங்காமல் தண்ணீரை மட்டும் விடுகிறார்.

பிறகு முட்டையை உடைத்து மஞ்சள் கருவை மட்டும் எடுத்தார். அதில் சீனி, அந்த மாவு, தண்ணீர். எல்லாவற்றையும் கலக்கித் துணியில் வடிகட்டினார். அவர்கள் நாட்டில் இதற்குப் பன்றிக் கொழுப்புதானாம். பாயின் மெஸ்ஸில் அது நடக்குமா? டின் நெய்யை ஊற்றினார். சட்டி காய்ந்ததும் மஞ்சள் கரைசலைக் கொட்டி, கரண்டியின் முதுகால் தள்ளவும் தட்டவும் ஆரம்பித்தார். வலது கை தட்டுகிறது, இடது கை சட்டியை ஆட்டுகிறது, இடையிடையே ஓரத்தில் ஒரு சொட்டு நெய். முதலில் கஞ்சி மாதிரி இருந்தது. பிறகு கட்டி கட்டியாக, பார்க்கச் சகிக்காமல் ஆனது. கெட்டுப்போச்சு என்று மாயாண்டி நினைத்தார். வூ நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். நூறு, இருநூறு, முந்நூறு. திடீரென்று அது திரண்டது. ஒரே உருண்டையாகத் திரண்டு, பளபளவென்று மஞ்சளாக, சட்டிக்குள் தானாகவே வழுக்கிக்கொண்டு ஓடியது. உயிர் வந்துவிட்டது என்றுதான் மாயாண்டி நினைத்தார். வூ சட்டியைச் சாய்த்தார். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் மொத்தமும் தட்டுக்கு வழுக்கி வந்து, அங்கேயும் நில்லாமல் ததும்பி ஆடியது.

வூ ஒரு கரண்டி எடுத்து மாயாண்டியிடம் நீட்டினார். வாயில் போட்டார். சூடு, இனிப்பு, நெய் மணம், அப்புறம் ஒன்றுமில்லை, இறங்கிவிட்டது. நாக்கால் பல்லைத் துழாவினார். பல் கழுவி விட்டமாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரே அதான்" என்றார் பின்னால் வந்து நின்ற பாய். "தட்டுல ஒட்டாது, கரண்டியில ஒட்டாது, பல்லுல ஒட்டாது. மூணுலயும் ஒட்டாதுன்னு அவுக பாசையில பேரு. நானூறு தட்டு தட்டணுமாம்."

கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கும்பிடுமே, அப்படி மாயாண்டியின் இரண்டு கையும் சேர்ந்துவிட்டன. வூ என்ன புரிந்துகொண்டாரோ, தலையைக் குனிந்து பதில் மரியாதை செய்தார்.

அன்றிலிருந்து மாயாண்டிக்கு ஒரே ஆசை பிடித்துக்கொண்டது. சம்பளம் கூட வேண்டும் என்றோ ஊருக்குப் போக வேண்டும் என்றோ இல்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பண்டத்தைத் தன் கையால் கிண்டி, பதம் பார்த்துத் தானே இறக்க வேண்டும். தன் கை பொய் சொல்லுகிற கையா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வயதில் இது என்ன ஆசை என்று சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்தெட்டு பிப்ரவரியில் சீனர்களுக்கு வருஷப் பிறப்பு வந்தது. கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த விசேஷ லீவு அந்த ஒரு நாள்தான். கடலுக்குள் தூண் ஊன்றிக் கை மரத்துப்போன பதினாலு பேரும் ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்தின் முடிவில் அந்த மஞ்சள் பண்டம் வரும் என்பதுதான் பேச்சில் பாதி. அப்படியிருக்க, நாலு நாளைக்கு முன்னால் ஆவிச் சட்டியின் மூடி நழுவி வூவின் வலது கை வெந்துபோனது. கிளினிக்கில் முழங்கைவரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மற்றதைச் செய்ய இரண்டு கையாட்கள் இருந்தார்கள். இதைச் செய்ய ஆள் இல்லை. வூ மூலையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூ பாய்" என்று கூப்பிட்டார் கலீலுர் ரஹ்மான். மாயாண்டியைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "யே ஆத்மி, ஹல்வா. உன்னீஸ் சால்." இந்த ஆள் பத்தொன்பது வருஷம் அல்வா கிண்டியவர் என்று அர்த்தம்.

வூ எழுந்து வந்தார். மாயாண்டியின் வலது தோளை, மாட்டுச் சந்தையில் திமிலைப் பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்தார். "அச்சா" என்றார்.

முட்டை துபாயிலிருந்து வாரத்துக்கு ஒரு தரம் லாரியில் வரும். மெஸ்ஸுக்குப் போக மிச்சமிருந்தது முப்பத்தாறு. விருந்துக்கு முப்பது வேண்டும். ஆக, ஒத்திகை பார்க்க ஆறே ஆறு. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஆறையும் உடைத்தார்கள்.

மாயாண்டி கரண்டியைப் பிடித்தார். துடுப்புப் பிடித்த கைக்குக் கரண்டி ஒரு பொருட்டா? ஐம்பது தட்டுக்குள் வசமாகிவிட்டது. கஞ்சி திரண்டது, கட்டியானது, பிறகு உருண்டது. வூ பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் பார்த்தார். ஒரு கட்டத்தில் சட்டிக்குள் பாரம் சட்டென்று குறைந்த மாதிரி இருந்தது. மாயாண்டியின் தோளுக்குத் தெரிந்துவிட்டது. இதுதான்.

மாயாண்டி நிமிர்ந்து வூவின் முகத்தைப் பார்த்தார்.

வூ ஒன்றும் சொல்லவில்லை. மாயாண்டி தட்டிக்கொண்டே பார்த்தார். வூவும் பார்த்தார். பத்து மூச்சு விடுகிற நேரம் இருக்கும். சட்டியின் ஓரத்தில் நெய் கசிய ஆரம்பித்தது. அல்வாவுக்கு அது நல்ல அடையாளம், ஒரு கணம் மாயாண்டிக்கு மகிழ்ச்சிகூட வந்தது. இதற்கு அதுவே எமன். மஞ்சள் மங்கி, ஓரம் சொரசொரத்து, கடைசியில் தட்டில் கவிழ்த்தபோது பாதி சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வாயில் போட்டால் ரப்பர்.

வூ கட்டில்லாத கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்தியும் சீனமும் கலந்து ஏதோ கத்தினார். பாய் ஓடி வந்தார்.

"ஏன் இறக்கலன்னு கேக்காரு. உம்ம கைக்குத் தெரிஞ்சிருச்சு, உம்ம மூஞ்சியிலயே பாத்தேங்காரு. தெரிஞ்சும் ஏன்வே நின்னீரு?"

"அவரு சொல்லலியே பாய்."

பாய் அதை மொழிபெயர்த்தார். வூவுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். வூ வாயைப் பிளந்துகொண்டு மாயாண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"கரண்டி உம்ம கையில இருக்கு. பக்கத்துல நிக்கவன் எப்படிச் சொல்லுவான்னு கேக்காரு."

நல்ல கேள்விதான். பத்தொன்பது வருஷம் அப்படி ஒருவர் பக்கத்தில் வந்து சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை எந்தப் பாஷையில் மொழிபெயர்ப்பது? மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு, தான் கெடுத்த சட்டியைத் தானே தேய்க்க எடுத்துப் போனார். அன்றைக்கு அந்தச் சட்டி லேசில் வெளுக்கவில்லை.

வூ யோசித்திருக்கிறார். சாயங்காலம் வந்து, பாயை வைத்துக்கொண்டு ஓர் ஏற்பாடு சொன்னார். செவ்வாய்க்கிழமை அவரே பக்கத்தில் நின்று எண்ணுவார். நூறு தட்டுக்கு ஒரு பயறு கிண்ணத்தில் போடுவார். நாலாவது பயறு விழுந்ததும் இறக்கிவிட வேண்டும். நானூறு, கணக்கு அதுதான். மாயாண்டிக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அந்த நிம்மதியே அவமானமாக இருந்தது. மறுபடியும் இன்னொருவர் சொல்லி இறக்கப் போகிறோம், அவ்வளவுதானே நாம்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. மாயாண்டி குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் முருகனுக்கு விரதம், கவுச்சி தொடமாட்டார். கிண்டலாம், ருசி பார்க்க முடியாது. "அதும் நல்லதுதான். நாக்கு குறுக்க வராது" என்று பாயிடம் சொன்னார். பாய் முப்பது முட்டையையும் தானே உடைத்துக் கொடுத்தார். வெள்ளைக் கருவெல்லாம் மறுநாள் கேம்புக்கே ஆம்லெட்டாகப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஹாலில் பதினாலு பேரும் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். மீன் போனது, கோழி போனது, கொழுக்கட்டை மாதிரி ஏதோ ஆவியில் வெந்து போனது. பிறகு சத்தம் குறைந்தது. காத்திருக்கிறார்கள் என்று மாயாண்டிக்கு முதுகிலேயே தெரிந்தது.

முப்பது மஞ்சள் கரு. சட்டி தூக்க முடியாத கனம். முதல் தட்டு விழுந்ததும் வூ எண்ண ஆரம்பித்தார். "யீ, அர், சான்..." கரைசல் இறுகியது. முதல் பயறு கிண்ணத்தில் டிக்கென்று விழுந்தது. கட்டி கட்டியாகப் பயமுறுத்தியது. இரண்டாவது விழுந்தது. மாயாண்டியின் வேட்டி வேர்வையில் காலோடு ஒட்டிக்கொண்டது, இடது கை சட்டியை ஆட்டி ஆட்டி மரத்துவிட்டது. அவர் இரண்டு தோளையும் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய ஒவ்வொரு தட்டும் வூவின் மெல்லிய தட்டுக்கு ஒன்றேகால் தட்டு பெறும். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது பயறு விழுந்தது. உருண்டை திரண்டு பளபளத்தது. இன்னும் நூறு. வூ எண்ணிக்கொண்டே போனார்.

இருபது தட்டுத்தான் ஆகியிருக்கும். சட்டிக்குள் பாரம் சட்டென்று குறைந்தது. கரண்டி ஒன்றையும் தொடாத மாதிரி வழுக்கியது. தோளுக்கு வந்துவிட்டது சேதி. மாயாண்டி கிண்ணத்தைப் பார்த்தார், மூன்று பயறு. நாலாவது இன்னும் வூவின் இடது கை விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

மாயாண்டி அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கப் போனார்.

"மாஃபி!" என்று கத்தினார் வூ. "மாஃபி கலாஸ்! மாஃபி!" கட்டுப் போட்ட கையாலேயே மாயாண்டியின் முழங்கையைப் பிடித்தார். வலியில் அவர் முகம் கோணியது, பிடியை விடவில்லை.

"என்னவே பண்ணுதீரு! இன்னும் எம்பது இருக்கு!" என்று பாய் அலறினார். "கெட்டுப்போச்சுன்னா வேற முட்ட கெடையாது கேட்டீரா!"

ஒரு பக்கம் எஜமான். ஒரு பக்கம் கணக்கு. வெளியே பதினாலு பேர். தப்பாகிவிட்டால் யார் வாயில் யார் பெயர் விழும் என்று மாயாண்டிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேசாமல் இன்னும் எண்பது தட்டிவிட்டால் கெட்டாலும் பழி அவருடையதாகாது. கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முழங்கையை வெடுக்கென்று உதறினார். சட்டியைத் தூக்கினார். பெரிய பீங்கான் தட்டுக்கு மேலே சாய்த்தார்.

மொத்தமும் ஒரே வீச்சில் வழுக்கி வந்து விழுந்தது. அங்கேயும் நிற்கவில்லை. தட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பி, நடுவில் வந்து ததும்பிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு மஞ்சளை மாயாண்டி அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே ஜன்னல் வெளிச்சம் அசைந்தது. பாய் மெல்ல, "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

வூ தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையோடு ஹாலுக்குள் போனார். பாய் பின்னாலேயே ஓடினார், தட்டு சாயாமல் பிடிப்பதற்கு.

உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் எழுந்து, உடனே அடங்கியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட இல்லை. மாயாண்டி அடுப்பை அணைத்தார். தன்னால் வூவின் பெயர் கெட்டதோ என்ற நினைப்பு வந்தது. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. வூ வந்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பதினாலு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வூ மாயாண்டியின் முன்னால் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி தன் பாஷையில் ஏதோ சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். பிறகு அதையே அரைகுறை இந்தியில் பாயிடம் சொல்லி, சொல்லு என்று கையசைத்தார்.

பாய் மாயாண்டியின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது தப்புங்காரு வே. நாலாவது பயறு வரைக்கும் நின்னிருந்தா இது பாழாப்போயிருக்கும். என் கணக்கு என் கைக்கு உண்டான கணக்கு, உம்ம கைக்கு இல்லங்காரு. நான் கையப் பிடிச்சேன், நீரு உதறுனீரு, நீரு செஞ்சதுதான் சரின்னு இவுக எல்லாருக்கும் முன்னாடி சொல்லுதாரு."

சொல்லி முடித்ததும் பதினாலு பேரும் ஒன்றுபோலத் தலை குனிந்தார்கள்.

தப்பு என்னுடையது என்று ஒரு மேஸ்திரி சொல்லி மாயாண்டி கேட்டதே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளே அவர் குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை, நல்லவேளை.

"என்னவே" என்றார் பாய். "பெரிய மனுசன் இம்புட்டுச் சொல்லுதாரு. பதிலுக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

மாயாண்டி துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"இனிமே நான் கிண்டுனா நான்தான் இறக்குவேன் பாய். அதச் சொல்லுங்க."

பாய் இந்தியில் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே வூ தலையை ஆட்டிவிட்டார்.